கீரைக்கட்டுக்கு அடியில் ரொட்டி

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியை நிம்மதியாகச் சொல்லலாம். ஊத்துக்கோட்டைப் பக்கம் டைபாய்டு திடீரென்று பரவுகிறது என்று சென்னைக்கு அவசரத் தந்தி அடித்தவன் நான். அங்கே பரவியிருந்தது என்னுடைய பசி மட்டும்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தந்தியைப் படித்தவர்கள் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

நான் ஈப்போக்காரன். அப்பா காலத்தில் மலேயாவுக்குப் போன குடும்பம். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அடுத்தவர்களுடைய இரத்தத்தையும் இன்ன பிறவற்றையும் சீசாவில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது என் பிழைப்பு. எழுபதுகள் முடியப்போகிற சமயம். வளரும் நாடுகளில் டைபாய்டு உண்மையில் எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கெடுக்கிற ஒரு குழுவுக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரியும் என்று கை தூக்கினேன். திருவள்ளூரில் ரயிலை விட்டு இறங்கி, முதலில் எதிர்ப்பட்ட மனிதரிடம், "அண்ணே, பசியாற நல்ல கடை எது?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது எந்த ஊர்த் தமிழ் என்ற சந்தேகம் வந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாஷ்டாவா? அத்த சொல்லு சார். இன்னாமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று வடகறி கிடைக்கிற கடைக்கு வழி காட்டினார். ஈப்போவில் பசியாறல் என்பதுதான் இங்கே நாஷ்டா என்று புரிந்தது. வடகறிக்காகவே இன்னொரு முறை கடல் தாண்டலாம்.

எனக்கு அறை பார்த்துக் கொடுத்திருந்தது வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், கோயில் மடப்பள்ளியில் வேலை செய்கிற ஓர் ஐயங்கார் வீட்டு மாடியில். ஈப்போவில் எனக்குக் காலையில் ரொட்டியும் கோப்பியும் இல்லாவிட்டால் கண் திறக்காது. ஆகவே முதல் நாள் மாலையே ஸ்டேஷன் பக்கம் போய் மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டி ஒன்று வாங்கி, ராஜா மாதிரி கையில் பிடித்துக்கொண்டு தெருவில் வந்தேன். மாடிப்படியில் ஐயங்கார் மறித்தார்.

"என்ன, தேகம் சரியில்லையா? வந்த அன்னிக்கேவா?"

"நல்லாத்தான் இருக்கேன் சாமி."

அவர் ரொட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மாமி மிளகுக் கஷாயம் கொடுத்தனுப்பினார். மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, குளத்தில் வெல்லம் கரைத்தாயிற்றா என்று விசாரித்தார். வெல்லம் தண்ணீரில் கரைகிற மாதிரி வியாதியும் கரையும் என்பது அங்கே நம்பிக்கை. ஒரு வியாதியும் இல்லாத நான், மரியாதைக்காக அரை வீசை வெல்லம் வாங்கிக் குளத்தில் கரைத்துவிட்டு வந்தேன்.

ஜீப் டிரைவர் ஏகாம்பரம்தான் விளக்கினார். "சார், இங்க ரொட்டின்றது மருந்து. ஜுரம் வந்தவனுக்குப் பால்ல தொட்டுக் குடுப்பாங்க. நல்லா கீற மன்சன் எவனும் ரொட்டி துன்ன மாட்டான். நீ தெனிக்கும் துன்னுக்கினு இருந்தா தெருவே பேஜாராயிடும்."

எங்கள் வேலை கேட்பதற்கு எளிது. வாரா வாரம் வீடு வீடாகப் போக வேண்டும். "யாருக்காவது ஜுரம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். சில நாளாக விடாத ஜுரம் என்றால் கையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்து, கிருமி வளர்கிற திரவம் உள்ள சீசாவில் விட்டுச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். எத்தனை பேருக்கு வருகிறது என்று தெரிந்தால்தான் எத்தனை பேருக்குத் தடுப்பூசி, எந்த ஊருக்கு முதலில் நல்ல தண்ணீர் என்று மேலிடத்தில் பேச முடியும் என்பார் எங்கள் தலைவி டாக்டர் சுசீலா. அதிகம் பேசாதவர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் ஏதோ உளறியிருக்கிறான் என்று அர்த்தம். நான் இருந்த நாட்களில் அந்தக் கண்ணாடி மிகச் சுத்தமாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், ஊத்துக்கோட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடைப்பட்ட கிராமங்களில் ஒருவருக்கும் ஜுரம் இல்லை. எந்த வாசலில் நின்று கேட்டாலும், "அதெல்லாம் ஒண்ணியும் கெடையாது சார், மோர் குடிக்கிறியா?" என்பார்கள். மோர் அருமையாக இருக்கும். சீசாக்கள் காலியாகவே இருக்கும்.

ஒரு நாள் ஆரணியாற்று மணலில் ஜீப் அச்சுவரை புதைந்துவிட்டது. ஜுரமே இல்லாத அந்த ஊர் ஆண்கள் எல்லாரும் வந்து தள்ளினார்கள். நானும் தள்ளுகிற மாதிரி கை வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவரின் கை என் கைமேல் பட்டது. தோசைக்கல் மாதிரி சுட்டது.

"ஐயா, உங்களுக்கு ஜுரம்."

"வெயிலு சார்" என்றார். வானம் முழுக்க மேகம். தூறல் வேறு போட்டுக்கொண்டிருந்தது.

காரணம் கும்மிடிப்பூண்டியில் இருந்தது. அங்கே அப்போதுதான் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்தது. முள்வேலி போட்ட வயல்கள், பாதியில் நிற்கிற புகைபோக்கிகள், லாரிப் புழுதி, வேலைக்கு ஆள் எடுக்கிற கேட்டுகளின் முன்னால் எப்போதும் ஒரு கூட்டம். ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்டவர்களுக்கு மாதச் சம்பளம் என்பது கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் வந்துவிட்டது. ஜுர ஜீப்பிடம் இரத்தம் கொடுத்தவனைக் கம்பெனியில் எடுக்கமாட்டார்கள் என்று எவரோ கிளப்பிவிட்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த வட்டாரமே ஆரோக்கியமாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. வாய் பொய் சொல்லும், ரொட்டி சொல்லாது. ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டு நாயுடு கடையில் எத்தனை ரொட்டி விற்கிறதோ, சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய அத்தனை ஜுரம். நாயுடுவிடம் சொல்லி வைத்தேன். தினமும் சாயங்காலம் அவர் விரல்விட்டுச் சொல்வார். ஒரு வாரம் சும்மா இருந்தது. அடுத்த வாரம் விற்பனை ஏறியது. அதற்கடுத்த வாரம் இரட்டிப்பானது. தந்தி அடித்தேன்.

டாக்டர் சுசீலா ஒரு பெட்டி நிறையச் சீசாக்களோடு வந்து இறங்கினார். நேராக நாயுடு கடைக்கு அழைத்துப் போனேன்.

"இவ்ளோ ரொட்டி யாருங்க வாங்கறாங்க?" என்றார் டாக்டர்.

நாயுடு என்னைக் கை காட்டினார். "இந்த நைனாதாம்மா. அவுரு துன்றதுக்கு ஒண்ணு. டிரைவர் ஊட்டுப் பசங்களுக்கு ரெண்டு. வழில பசிச்சா துன்றதுக்கு ஜீப்புல ஒண்ணு. இவுரு டப்பு குடுக்கறாரேன்னு நானும் மெட்ராஸ்லேர்ந்து கூட வரவச்சிக்கினு கீறேன்."

திருவள்ளூரில் தெரு மிரளுகிறதே என்று நான் எனக்கு ரொட்டி வாங்குவதை ஊத்துக்கோட்டைக்கு மாற்றியிருந்தேன். அது நினைவில் இல்லாமல் போனதுதான் வேடிக்கை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, இவர் வாங்கினது போக மீதி?" என்றார்.

நாயுடு யோசித்தார். "ஒரு பொம்பள வருது. மொத்தத்துல அது ஒண்ணுதான் விடாம வாங்குது. கூடையில கீரைக்கு அடியில வச்சு எடுத்துக்கினு பூடும். அதோ, அந்த பஸ்ஸாண்ட நிக்குது பாரு."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். போன மானத்தை அந்த பஸ்ஸிலேயே மீட்டுவிடலாம் என்று நினைப்பு. தக்காளிக் கூடைகளுக்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவே இடம் கிடைத்தது. அந்த அம்மாள் முன் இருக்கையில் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் கூடையையே பார்த்தேன். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் திரும்பினார்.

"இன்னா நைனா, ஏறனதுலேர்ந்து பாத்துக்கினே வர்ற? மூஞ்சில இன்னா சினிமா ஓடுதா?"

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மா. நான் உங்களைப் பார்க்கல. கீரைக்கு அடியில என்ன இருக்குன்னுதான் பார்த்தேன். யாருக்கு உடம்பு சரியில்ல?"

பஸ் முழுவதும் திரும்பியது. ஆடுகூடத் திரும்பியது. அந்த அம்மாளின் முகம் சட்டென்று வெளுத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். அவர் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்குத்தான் தலநோவு, உன்னால" என்றார். கண்டக்டர் விசில் ஊதினார். "சார், எறங்கிடு. மரியாதையா சொல்லிக்கினு கீறேன்."

இறக்கிவிட்ட இடத்தில் இரண்டு பக்கமும் வயல், நடுவில் நான். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். பின்னாலேயே வந்த ஜீப் நின்றது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளின் பெயர் கன்னியம்மா. பஸ் போன ஊரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். டாக்டர் என்னை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார். வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவர் கன்னியம்மாவின் கணவர் முனிரத்தினம். சுற்றுப்பட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் சமையல் அவர்தான். முகூர்த்தம் உள்ள மாதம் சோறு, இல்லாத மாதம் கடன் என்று ஓடிய வாழ்க்கை. இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு புதுக் கம்பெனி கேன்டீனில் அவருக்குச் சமையல் வேலை உறுதியாகியிருந்தது. வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதற்குள் இந்த ஜுரம்.

"வெளிய தெரிஞ்சா வேலை பூடும்" என்றார் கன்னியம்மா. "அதுக்குத்தான் இந்த ஊர்ல வாங்காம அங்க போய் ரொட்டி வாங்கியாறேன். நீ பஸ்ஸுல ஊரக் கூட்டற."

பெயரை வெளியே சொல்லமாட்டோம் என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். நானும் கொடுத்தேன். கன்னியம்மா டாக்டரின் வாக்கை மட்டும் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

நான் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் கண்ணைத் திறந்தார். நான் எந்த ஊர்க்காரன் என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். "மலேயாவுல இன்னா சார் விசேஷம், சாப்பாட்டுல?"

தேங்காய்ப்பாலில் வேகிற சோறு, நெத்திலிக் கருவாட்டை மிளகாய் அரைத்து வதக்குகிற சம்பல் என்று சொன்னேன். ஊசி இறங்கியது அவருக்குத் தெரியவில்லை.

"பாலை எப்ப ஊத்துவாங்க? அரிசி கொதிக்கறதுக்கு முன்னாலயா?"

"ஆரம்பத்திலேயே."

"அடி புடிக்குமே" என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஜுரத்திலும் அடி பிடிக்காமல் இருக்க வழி யோசிக்கிறார் என்று தெரிந்தது.

சீசாவில் கிருமி வளர்ந்தது. டைபாய்டுதான். செய்தி வந்தபோது நான் சென்னை ஆய்வுக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு குதி குதித்தேன். எங்கள் கணக்கில் விழுந்த முதல் ஆள். டாக்டர் சுசீலா என்னை ஒரு பார்வை பார்த்து, "அந்த மனுஷனுக்கு இது நல்ல சேதி இல்ல" என்றார். குதித்த கால்களை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

மாத்திரையில் ஜுரம் இறங்கியது. முனிரத்தினம் எழுந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார், பிறகு கஞ்சியில் உப்புக் குறைவு என்று குறை சொன்னார். பிழைத்துக்கொண்டார் என்று கன்னியம்மா சிரித்தார். அன்றைக்குத்தான் டாக்டர் மீதியைச் சொன்னார். ஜுரம் போனாலும் சில பேர் குடலில் கிருமி தங்கும். மலத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்துச் சுத்தம் என்று தெரிகிற வரைக்கும் அவர் நூறு பேருக்குச் சமைக்கக்கூடாது.

கன்னியம்மா டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார். "சொல்லாம போனா இன்னா? யாருக்குத் தெரியப்போவுது?"

முனிரத்தினம்தான் பேசினார். "வாணாம் புள்ள. என் கையால துன்னுட்டு நாலு பேரு படுத்துக்கினா, அப்பால நான் கரண்டிய எப்டித் தொடுவேன்? ஒரு மாசம் தவணை கேட்டுப் பாப்போம். காரணம் சொல்லத் தேவையில்ல."

யார் கேட்பது என்று பேச்சு வந்தது. நான் கேட்கிறேன் என்றேன். வெளியூர்க்காரன், சட்டை மடிப்புக் கலையாதவன், பேச்சில் கெட்டிக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

மறுநாள் கும்மிடிப்பூண்டி. கேன்டீன் காண்டிராக்டர் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டுப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கதையை அவிழ்த்தேன். முனிரத்தினம் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார், ஒரு மாதம் விரதம், விரதம் முடிகிறவரை வெளியாருக்குச் சமைக்கக்கூடாது என்று ஐதீகம்.

காண்டிராக்டர் மிகவும் பக்தியோடு கேட்டார். "பெருமாள் விசயம், மறுக்க முடியுமா? நீங்க அவருக்கு இன்னா வேணும் சார்?"

"சிநேகிதர்."

"எந்த ஊரு?"

"மலேயா."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து சிநேகிதரா" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு, என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஏகாம்பரம் எங்கள் ஜீப்பை நிழல் பார்த்து, கேட்டுக்கு நேராக, பக்கவாட்டில் நிறுத்தியிருந்தார். கதவு முழுக்கப் பெரிய வெள்ளை எழுத்தில் "காய்ச்சல் ஆய்வு" என்று இருந்தது. அந்த எழுத்து மங்கியிருக்கிறது என்று போன வாரம் புதுப் பெயின்ட் அடிக்கச் சொன்னவனும் நான்தான்.

"ஜுர வண்டியில வந்து திருப்பதி கத சொல்றியே சார்" என்றார் காண்டிராக்டர். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசம். "ஒண்ணாம் தேதி அடுப்பாண்ட எனக்கு ஆள் வேணும். வேற ஆள் போட்டுடறேன். உடம்பு தேறட்டும், கேட்டுல குந்திக்கினு சாப்பாட்டு டோக்கன் குடுக்கட்டும். சோத்தத் தொடற வேலை இல்ல. சம்பளம் கம்மி. அடுப்புல எடம் காலியானா பாக்கலாம்."

வாக்குக் கொடுத்த வாயை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்கு எப்படிப் போனேன் என்று எழுதப்போவதில்லை. சொன்னேன். முனிரத்தினம், "வுடு சார், வேலைன்னு ஒண்ணு கீதுல்ல" என்றார். கன்னியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு சோதனைக்கு மாதிரி வாங்க நான் போகும்போதெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை. காகிதப்பையில் போட்ட சீசா ஒன்று வாசற்படியில் டொக் என்று வைக்கப்படும். ஒரு பெண்ணின் கோபத்தின் அளவை அவர் மலச் சீசாவை வைக்கிற சத்தத்தில் தெரிந்துகொண்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒவ்வொரு வாரமும் கூர்ந்து கேட்டேன். சத்தம் குறைகிற வழியாக இல்லை.

இதற்கு நடுவே நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முனிரத்தினம் கேட்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் சுற்று வட்டாரத்துக்காரர்கள். "இன்னாண்ணா, சமையலுக்குன்னு சொன்னாங்க, இங்க குந்திக்கினு கீற?" என்று கேட்கிறவர்களிடம், எனக்கு டைபாய்டு வந்தது, ஜீப்புக்கு ரத்தம் கொடுத்தேன், மாத்திரை கொடுத்தார்கள், பிழைத்தேன், கம்பெனியிலும் இருக்கிறேன் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் காப்பாற்ற முடியாத இரகசியத்தை அவர் காப்பாற்ற வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். ஊர்களில் மோருக்குப் பதிலாகக் கைகள் நீள ஆரம்பித்தன. "சார், எங்க ஊட்ல ஒருத்தருக்கு வுடாம காயுது" என்று ஜீப்பை மறித்தார்கள். ஆற்று மணலில் வெயில் என்று சொன்ன மனிதர்கூட வந்தார். சீசா போதவில்லை என்று இன்னொரு தந்தி அடித்தேன். இந்த முறை டாக்டர் நம்புவதற்கு முன்னால் தொலைபேசியில் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் முனிரத்தினத்தின் கடைசிச் சோதனையும் வந்தது. சுத்தம். முந்தியவையும் அப்படியே. இனி அவர் யாருக்கும் சமைக்கலாம். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் போனபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முனிரத்தினம் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுபடி ஒரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.

தேங்காய்ப்பால் சோறு. அடி பிடிக்கவில்லை. பாலைக் கடைசியில்தான் ஊற்றினார், மலேயாக்காரர்களுக்கு அது தெரியாது என்றார். கேன்டீன் அடுப்பில் இடம் காலியாகிற வழி இன்னும் தெரியவில்லை, காண்டிராக்டர் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கன்னியம்மா இலை போட்டார். அத்தனை வாரத்துக்குப் பிறகு என் பக்கம் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். நான் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன், என்மேல் கோபம் இன்னும் இருக்கிறதா என்று.

"இருக்குது. குந்து சார், சோறு ஆறுது."